இன்னார் ஐயா வந்த வழி

சுன்னாகம் சந்தையிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் உள்ள எங்கள் அச்சுக்கடையின் மேசையில் ஒரு மனிதர் நாலு வருடமாக அமரராக இருந்தார். அவர் உண்மையிலேயே காலமானவர்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். அவரை அமரராக்கியதே நான்தான்.

அந்தக் கடையில் கணினி வேலை என்னுடையது. கலியாண அழைப்பிதழ், பாடசாலை மலர், கடைப்பெயர்ப் பலகை எல்லாம் செய்வேன் என்றாலும் கடை நடப்பது கல்வெட்டுகளால்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், காலையில் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, மத்தியானம் வீட்டில் சாப்பாடு கொடுக்கும்போது வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தோத்திரப் பாடல்கள், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். அதைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்கிறோம். நானும் அதைக் கல்லில் வெட்டுகிறவளின் பயத்தோடுதான் செய்வேன். ஓர் எழுத்துப் பிழை விட்டால் அது அத்தனை வீடுகளுக்கும் போகும்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். சண்டைக்காலத்தில் பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாக இடம்பெயர்ந்தோம். பிறகு பள்ளிக்கூடம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நான் போகவில்லை. பிழை விட்டால் படிக்காதது என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் எதையும் மூன்று தரம் வாசிப்பேன். வாசித்து அச்சுக்குக் கொடுத்தபின், வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிற்பாட்டி, வம்சாவளியில் அந்தச் சின்னம்மாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' போட்டுவிட்டேனோ, அவர் உயிரோடல்லவா இருக்கிறார் என்று யோசிப்பேன். திரும்பி ஓடிவந்து, பூட்டிய கடையைத் திறப்பித்துப் பார்த்ததும் உண்டு. ஒருமுறைகூட அப்படிப் போட்டிருந்ததில்லை.

"உனக்குப் பயப்பிட ஒண்டும் கிடைக்காட்டில், ஏன் கிடைக்கேல்லை எண்டு பயப்பிடுவாய் பிள்ளை" என்பார் முதலாளி. அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

கல்வெட்டுச் செய்விக்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரிப் புத்தகம் வேண்டும். முன்பு செய்த ஒன்றைக் காட்டலாம்தான். ஆனால் வந்தவர் அதைத் திறந்து, "உது எங்கடை வாத்தியார் எல்லோ" என்று அழத் தொடங்கிவிடுவார். இல்லாவிட்டால், "இவையின்ரை மாதிரி எங்களுக்கு வேண்டாம், இவையோடை எங்களுக்குக் கதைபேச்சில்லை" என்று மூடி வைத்துவிடுவார். அதனால் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒருவரைப் போட்டு மாதிரி செய்யச் சொன்னார் அண்ணை.

இணையத்தில் தேடினேன். முதலில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பிறகு மீசையை முறுக்கிய ஆட்கள் வந்தார்கள். அவர்கள் சாகிற ஆட்களாகத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் வந்தார். நெற்றியில் திருநீறு, தோளில் சால்வை, சிரிப்பதா விடுவதா என்று யோசிக்கிற வாய். பார்த்தவுடன் பிடித்துவிட்டது. ஒரே குறை, அவருடைய இடது தோளில் யாருடையதோ ஒரு கை இருந்தது. ஆள் இல்லை, கை மட்டும். படம் அந்த இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. சுண்டுவிரல் தூண்டில் மாதிரி வளைந்த கை. அரைநாள் இருந்து அதைத் துடைத்தேன். சால்வையின் கரையை நூல் நூலாக இழுத்து அந்த இடத்தை மூடினேன். அவ்வளவு நேர்த்தியாக நான் வேறெதையும் அழித்ததில்லை.

பிறகு அவருடைய தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம், நாடிக்குக் கீழே குத்துவிளக்கு, அதற்கும் கீழே 'அமரர் இன்னார் அவர்கள்'. மூன்று பிரதிகள் அடித்தோம். "இன்னார் ஐயாவை எடுத்துக் காட்டு பிள்ளை" என்பார் அண்ணை, யாராவது வந்தால். நாளடைவில் அவரும் கடையில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டார். மின்விசிறிக் காற்றில் புத்தகம் கீழே விழுந்தால், "ஐயா விழுந்திட்டார்" என்று பதறி எடுத்து வைப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மயிலிட்டியிலிருந்து ஓர் அக்கா வந்தார். மாமியாரின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு வேண்டும். மாதிரியைத் தாள் தாளாகப் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்குது. இதை வீட்டை கொண்டு போய்க் காட்டிப்போட்டுத் தரட்டோ? லண்டனிலை ஒரு மச்சாள், நோர்வேயிலை ஒரு மச்சாள். ரெண்டு பேரும் வீடியோவிலை பாத்து ஓமெண்டால்தான் இந்த விளக்கு எரியும்."

"கொண்டு போங்கோ அக்கா" என்றேன்.

படியில் இறங்கிச் செருப்பை மாட்டியவர் மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"உவரை எனக்குத் தெரியுமெல்லோ. போன கிழமை கீரிமலைக் கேணியடியிலை தலை துவட்டிக்கொண்டு நிண்டவர். எப்ப மோசம் போனவர்?"

அண்ணைதான் உள்ளேயிருந்து சொன்னார்: "உது சும்மா மாதிரிக்குப் போட்ட ஆள்."

"எங்கத்தை ஆள்?"

"இன்ரநெற்றிலை எடுத்த ஆள்."

"அப்ப அதே சாடையிலை வேறை ஆராக்கும்" என்றார் அக்கா. பஸ் வந்தது. இன்னார் ஐயாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்துக்கு மாலை போட்டாலே ஆயுள் குறையும் என்று நினைக்கிற ஊர் இது. சுவரில் மாட்டிய படத்துக்குப் பக்கத்தில் தற்செயலாக ஒரு விளக்கு இருந்தால்கூட எடுத்து மற்றப்பக்கம் வைப்போம். நானோ நாலு வருடமாக ஒரு மனிதரின் நாடிக்குக் கீழே விளக்குக் கொளுத்தி வைத்திருக்கிறேன். போதாததற்கு இப்போது அந்தப் புத்தகம், அவர் தலை துவட்டுகிற பக்கத்துக்கே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது.

"அண்ணை, அந்தாள் உயிரோடை இருந்தால்?"

"இருந்தால் இருக்கட்டும். நல்லதுதானே."

"தன்ரை படத்தைக் கண்டால்?"

"காணட்டும். வடிவாத்தானே போட்டிருக்கிறம்."

அண்ணையோடு கதைத்துப் பயனில்லை. மேசையிலிருந்த மற்ற இரண்டு பிரதிகளையும் அலுமாரிக்குள் முகம் கவிழ்த்து வைத்தேன். பிறகு, முகம் கவிழ்த்து வைப்பது இன்னும் மோசமோ என்று நினைத்து நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். புத்தகத்தை உடனே தரமுடியுமா என்று கேட்டேன்.

"லண்டன் பாத்திட்டா. நோர்வே இன்னும் பாக்கேல்லை. வெள்ளிக்கிழமை கொண்டு வாறன்" என்றார். "அது சரி பிள்ளை, இஞ்சை பக்கத்து வீட்டுச் சனமும் பாத்திட்டு, உவரைத் தெரியும் எண்டுதுகள்."

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இனி எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: அந்தப் படம் எங்கேயிருந்து வந்தது? எந்த ஊர், எந்த ஆள், இருக்கிறாரா, இல்லையா? கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து பெயரைப் பார்த்தேன். 'டவுன்லோட்', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முப்பத்தெட்டு. அவ்வளவுதான். என்னுடைய கணினியில் முருகனும் டவுன்லோட்தான், தாமரைப்பூவும் டவுன்லோட்தான்.

நல்ல காலத்துக்கு அன்றைக்கு பிறின்டர் கடதாசியைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதைத் திருத்த யாழ்ப்பாணம் ரவுணிலிருந்து நானா வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கூட்டரின் பின்பெட்டியில் ஒரு முழுக் கடையையே கொண்டு திரிகிறவர். சின்ன வயதில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டி வந்து, பெரிய ஆளாகித் திரும்பி வந்தவர். எங்கள் வலிகாமப் பகுதி அச்சுக்கடைகளின் கணினி எல்லாம் அவர் கைபட்டவை. என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு எதுக்குப் பயம்?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சந்தையிலை வெங்காயச் சாக்கு வந்து இறங்குதெல்லோ. சாக்கின்ரை வாயிலை, ஆரின்ரை தோட்டம் எண்டு ஒரு துண்டு கட்டியிருப்பினம். கண்டிருக்கிறீங்களோ?"

"ஓம்."

"நீங்கள் நெற்றிலை ஒரு படத்தை இறக்கேக்கை, இந்தக் கொம்பியூட்டரும் அப்பிடி ஒரு துண்டைக் கட்டி விடுது. எந்தப் பக்கத்திலை இருந்தது, எந்த வழியாலை வந்தது எண்டு. அது எங்கடை கண்ணுக்குத் தெரியாது. அதை வாசிக்கிறதுக்கு ஒரு சின்ன சொப்ற்வெயர் கிடக்குது. போட்டு விடுறன்."

போட்டுவிட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு கோப்பை இழுத்துப் போட்டால், அது வந்த இடத்தின் முகவரி கீழே வரிசையாக விழும். எல்லாம் ஆங்கில எழுத்து. எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் நான் ஆங்கிலம் வாசிப்பேன். பரவாயில்லை, முகவரியை அழுத்தினால் அந்தப் பக்கமே திறக்கும்.

முதலில் இன்னார் ஐயாவை இழுத்துப் போட்டேன். கீழே ஒன்றுமே விழவில்லை.

"இந்தப் படம் இந்தக் கொம்பியூட்டரிலை இறக்கினதோ?" என்றார் நானா.

"இல்லை, பழசிலை. புதுசு வந்தாப்பிறகு பென்ட்றைவிலை போட்டு மாத்தினனான்."

"பென்னிலை ஏத்தினால் துண்டு கழண்டு போம். பழசு எங்கை?"

பழைய கணினி பின்னறையில் லமினேற் மெசினுக்கு முட்டாக இருந்தது. அண்ணை அதை எடுக்க விடமாட்டேன் என்றார். எடுத்தால் மெசின் சரிந்துவிடுமாம். நானா மெசினைப் பிடித்துக்கொண்டார். நான் கணினியை உருவி எடுத்து, அந்த இடத்தில் நாலு கட்டுக் கடதாசியை வைத்தேன். தூசி தட்டி, வயர் கொழுவி, அது முனகி முனகி எழும்புவதற்கு வெகுநேரம் ஆனது.

அது எழும்பும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் நானா புதிய கணினியில் இருந்த மற்றப் படங்களை அந்தப் பெட்டிக்குள் இழுத்துப் போடத் தொடங்கினார். அது வேண்டாத வேலை.

எங்கள் கல்வெட்டுகளின் பின்னட்டையில் கீரிமலைக் கேணியின் படம் போடுவது வழக்கம். நீலத் தண்ணீர், சுற்றிவர வெள்ளைக் கட்டு. அதை இழுத்துப் போட்டார். பக்கம் திறந்தது. அது ஏதோ ஒரு தீவில் இருக்கிற ஹோட்டலின் நீச்சல் தடாகம். நாங்கள் வெட்டிவிட்ட பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சாய்கதிரையில் படுத்துக்கொண்டு எதையோ உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அல்லாவே" என்றார் நானா. "எத்தினை பேரை இதுக்குள்ளை இறக்கியிருக்கிறீங்கள்?"

அண்ணை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி தண்ணிதானே" என்றார்.

அடுத்தது, பக்கங்களின் கரையில் ஓடுகிற கொடி. அது அண்ணை கடைக்குச் செய்த பெரிய சேவை. தானே இரவு பகலாகக் குந்தியிருந்து கீறியது என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார். நானா அதை இழுத்துப் போட்டபோது நான் அவர் கையைத் தட்டினேன், பிந்திவிட்டது. பிறந்தநாள் கேக் விற்கிற ஒரு கடையின் பக்கம் திறந்தது. அங்கே அதே கொடி, இளஞ்சிவப்பு நிறத்தில், ஒரு கேக்கைச் சுற்றி ஓடியது.

ரயில் ஒன்று போனது. கண்ணாடி அலுமாரி அதிர்ந்து ஓய்ந்தது.

"நான் கீறினதை உவங்கள் களவெடுத்துப் போட்டாங்கள்" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை" என்றேன்.

"வழக்குப் போடலாம் முதலாளி" என்றார் நானா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அதற்குள் பழையது எழும்பிவிட்டது. அந்தச் சாம்பல் பெட்டியை அதிலும் போட்டு, முப்பத்தெட்டாம் டவுன்லோடை இழுத்துப் போட்டோம். இரண்டு வரி விழுந்தது. ஒன்று படம் இருக்கிற இடம், மற்றது அந்தப் படம் இருந்த பக்கம். இரண்டாவதை அழுத்தச் சொன்னார் நானா. நான் மவுசை அவர் பக்கம் தள்ளினேன். அவர்தான் அழுத்தினார்.

மேலே கறுப்புப் பட்டி. இரண்டு மெழுகுதிரி. நடுவில் இன்னார் ஐயா, அதே திருநீறு, அதே சால்வை, தோளில் நான் துடைத்த அந்தக் கையும் அப்படியே. கீழே தமிழில்: மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட இவர் இறைபதம் அடைந்தார். எனக்கு மனப்பாடமான வரிகள். எத்தனையோ தரம் நானே அடித்தவை.

"அண்ணை, அந்தாள் செத்துப்போனார்" என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "நாங்கள் படத்தை இறக்க முதலே செத்துப்போனார்."

"நான் சொன்னனான்தானே" என்றார் அண்ணை, ஒன்றும் சொல்லியிராத அண்ணை. கடைவாசலுக்குப் போய் எதிர்க்கடைக்குக் கை காட்டினார். "மூண்டு தேத்தண்ணி. ரோல்சும் தா."

ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்பதற்காக மூன்று பேர் இருந்து ரோல்ஸ் தின்றோம். பாதி தின்றபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மிச்சத்தையும் தின்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்த நிம்மதியில் நான் ஒரு பிழை விட்டேன். எதையும் மூன்று தரம் வாசிக்கிறவள், அந்த அறிவித்தலை முதல் வரியோடு மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து, விளக்கேற்றி, கணினியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். வாசற்படியில் இன்னார் ஐயா நின்றார்.

அதே நெற்றி, அதே வாய். சால்வை மட்டும் இல்லை; அரைக்கைச் சட்டையும் இடுப்பில் சாரமும். கையில் எங்கள் மாதிரிப் புத்தகம். ஒளிவட்டத்தோடு அவர் அட்டையிலும் நின்றார், ஒளிவட்டம் இல்லாமல் வாசலிலும் நின்றார். நான் எழும்பினேன். இணையத்தில் செத்தவர்களைக்கூட நம்பக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"உதைச் செய்தது ஆர்?" என்றார்.

"நான்தான் ஐயா."

"நேற்றிலை இருந்து மயிலிட்டியிலை சனம் என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. கடையிலை பாண் வாங்கப் போனால், நீங்கள் இருக்கிறியளோ எண்டு கேக்கிறாங்கள். என்ரை மனிசி என்னை ரெண்டு தரம் கிள்ளிப் பாத்திட்டா."

"ஐயா, தெரியாமல் செய்துபோட்டன்" என்றேன். அண்ணை அப்போதுதான் மோட்டச்சைக்கிளை நிற்பாட்டிவிட்டு உள்ளே வந்தவர், அவரைக் கண்டதும் வந்த வழியே திரும்பப் பார்த்தார்.

"ஏன் ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்? உது நானில்லை" என்றார் வந்தவர். "என்ரை அண்ணை. கனடாவிலை மோசம் போனவர். எங்களிலை ஆர் மூத்தது எண்டு தெரியாமல் அம்மாவே மாறிக் கூப்பிடுறவ."

நான் உட்கார்ந்தேன். அவரையும் உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். அது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் தானாகவே உட்கார்ந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார். இப்போது கோபம் இல்லை, வேறென்னவோ இருந்தது.

"இந்தப் படம் உங்களுக்கு எப்பிடி வந்தது? நான் இதைக் கண்டதே இல்லை. அண்ணை செத்தது போனிலைதான் சொன்னவை. இஞ்சை அந்தியேட்டியும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாம் அங்கையே முடிச்சுப் போட்டினம். நேற்றுப் பக்கத்து வீட்டிலை இருந்து புத்தகத்தைக் கொண்டு வந்து தருகினம், பாத்தால் அண்ணை. கீழை பேர் இல்லை. இன்னாராம்."

ஒரு நாளைக்கு முதல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இன்ரநெற்றில் எடுத்தது என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது என்னிடம் பதில் இருந்தது. பழைய கணினியை அவர் பக்கம் திருப்பி, முகவரியை அழுத்தினேன். கறுப்புப் பட்டியும் மெழுகுதிரியும் வந்தன. அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். நான் முதல் நாள் வாசிக்காமல் விட்ட வரிகளை அவர் விரல் வைத்து வாசித்தார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அதற்குப் பிறகு 'அன்புச் சகோதரரும்' என்ற இடத்தில் அவருடைய பெயர். அங்கே விரல் நின்றது.

பிறகு படத்துக்குப் போனார். அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இதிலை கையைக் காணேல்லை."

"அது நான் துடைச்சனான் ஐயா. ஆரின்ரையோ கை எண்டு" என்றேன்.

அவர் தன் வலது கையைத் தூக்கி மேசையில், திரைக்கு முன்னால் வைத்தார். சுண்டுவிரல் தூண்டில் மாதிரி வளைந்திருந்தது.

"வள்ளத்துக் கயிறு இழுத்து முறிஞ்ச விரல்" என்றார். "அண்ணை ஒருக்கால் வந்தவர், ஒரேயொருக்கால். கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு பேரும் குளிச்சு, திருநீறு பூசி, கோயில் வாசலிலை நிண்டு எடுத்தது. அவரின்ரை மகள் போனிலை எடுத்தவ. அனுப்புறன் எண்டவ. அனுப்பேல்லை."

முதலாளி அண்ணை இரும வேண்டிய தேவை இல்லாமலே இருமினார். நான் என்னுடைய நேர்த்தியான வேலையைப் பார்த்தேன். சால்வையின் கரை ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தது.

"ஐயா, இந்தப் புத்தகத்தைக் கிழிச்சுப் போடுறம்" என்றேன். "மூண்டையும்."

"ஏன்? வாறன் வாறன் எண்டு சொல்லி வராத மனிசன், சுன்னாகத்துக்கு வந்து நாலு வருசமாய் உங்கடை மேசையிலை இருந்திருக்கிறார். ஆறு மைல் தள்ளி நான் இருக்கிறன், ஒரு சொல்லுச் சொல்லேல்லை." சிரித்தார். அப்போது இருவருக்கும் வித்தியாசம் தெரிந்தது. இவர் சிரிப்பதா விடுவதா என்று யோசிக்கிற ஆள் இல்லை. "கிழிக்க வேண்டாம். அவருக்கு இஞ்சை ஒரு கல்வெட்டு இல்லை. இதையே அவரின்ரை கல்வெட்டாக்கித் தா. பேரைப் போடு. கையையும் போடு."

"பிள்ளையளிட்டைக் கேக்க வேணும் ஐயா. படம் அவையின்ரை."

"கேளன். இப்ப அங்கை சாமம். குரலிலை சொல்லி விடுறன், விடிய எழும்பிக் கேக்கட்டும்."

போனை வாய்க்கு முன்னால் பிடித்து, அண்ணன் மகளுக்குச் சொன்னார்: "பிள்ளை, சித்தப்பா கதைக்கிறன். கொப்பர் சுன்னாகத்திலை நிக்கிறார். பயப்பிடாதை, படமாய்த்தான். நீ அண்டைக்கு எடுத்த படத்தை இவைக்கு முழுசா அனுப்பி விடு."

அடுத்த நாள் காலை படம் வந்தது. கூடவே ஒரு செய்தி: எங்களுக்கும் பத்துப் பிரதி வேண்டும், படம் அனுப்பப் பிந்தியதற்குச் சித்தப்பா ஏசவேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கே மயிலிட்டி அக்காவும் வந்தார், நோர்வே சம்மதித்துவிட்டது என்று சொல்ல. சித்தப்பாவும் அவரோடு அதே பஸ்ஸில் வந்தார். மூவருமாகத் திரையைப் பார்த்தோம்.

முழுப்படம் அகலமாக இருந்தது. கோயில் வாசல், பின்னால் உண்மையான கீரிமலைக் கடல், ஈரத் தலையோடு இரண்டு பேர். ஒருவர் சிரிப்பதா விடுவதா என்று யோசிக்கிறார். மற்றவர் வாய் நிறையச் சிரிக்கிறார், வளைந்த விரலோடு கையை அண்ணன் தோளில் போட்டபடி.

ஆனால் கல்வெட்டின் அட்டையில் இருவரையும் போட முடியாது. ஒருவர் உயிரோடு இருக்கிறார், எனக்குப் பக்கத்தில் இருந்து பழச்சாறு குடிக்கிறார். எங்கேயாவது வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் அடையாளத்தைத் தோள்பட்டைக்குக் கொண்டு போனேன், முழங்கைக்குக் கொண்டு போனேன். எங்கே வைத்தாலும் கை இருந்தது. விளக்குக்கும் மேலே, உயிரோடிருக்கிற ஒருவரின் கை. இதற்கும் ஏதாவது ஆகுமோ?

"அண்ணை" என்று முதலாளியைக் கூப்பிட்டேன். "கையை மட்டும் போட்டால், கைக்கு ஏதும் செய்யுமோ?"

அண்ணை யோசித்தார். கடை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

"மணிக்கட்டு வரைக்கும் பறுவாயில்லை" என்றார், எங்கோ எழுதியிருக்கிற மாதிரி.

"முழங்கை வரைக்கும் விடு பிள்ளை" என்றார் சித்தப்பா. "அது ஏற்கெனவே முறிஞ்ச கைதானே. அண்ணையோடை கொஞ்சம் போகட்டும்."

"உங்களுக்கு விசர்" என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்."

முழங்கையில் வெட்டினேன். சால்வையை அதன் பாட்டில் விட்டேன். 'இன்னார்' என்ற சொல்லை அழித்து, அந்த இடத்தில் அவருடைய பெயரை அடித்தேன். மூன்று தரம் வாசித்தேன். பின்னட்டையில் ஹோட்டல் தடாகத்தை எடுத்துவிட்டு, அவர்கள் இருவருக்கும் பின்னால் இருந்த கடலை வெட்டிப் போட்டேன். வெட்டாத முழுப்படத்தைத் தனியாக அடித்து, லமினேற் பண்ணி, சித்தப்பாவின் கையில் கொடுத்தேன். மெசின் நாலு கட்டுக் கடதாசியின் மேல் நின்று கொஞ்சம் ஆடியது, சரியவில்லை.

அந்தக் கல்வெட்டுத்தான், அவர்கள் விருப்பப்படியே, இப்போதும் எங்கள் மேசையில் மாதிரியாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதற்கேள்வி, தோளிலிருக்கிற கை யாருடையது என்பதுதான். "தம்பியின்ரை" என்கிறேன். "தம்பி இருக்கிறாரோ?" என்கிறார்கள். இருக்கிறார் என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அன்றைக்கு மத்தியானமே மயிலிட்டிக்கு ஒரு போன் எடுக்கிறேன்.

"இருக்கிறன் பிள்ளை" என்கிறார், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால். "கையும் இருக்குது."